மாலை மறைத்த பெயர்

ராயபுரம்,
20 செப்டம்பர் 1964

அன்புள்ள அடைக்கலமேரி அக்காவுக்கு,

ராயபுரம் தொடங்கி ரங்கூன் வரை வாழும் சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், துறைமுகத் தொழிலாளி அருள்நாதன், சிலுவையம்மாள் தம்பதியரின் ஏக புத்திரன் செல்வநாதனுக்கு, புரட்டாசி பிறந்த அன்று காலை மேலுதட்டில் மீசை உதயமாயிற்று. நல்ல வெயிலில், சற்றுத் தலையைச் சாய்த்துப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு மட்டும் தெரியவில்லை. "மூஞ்ச கழுவுடா, கரி ஒட்டிகினு கீது" என்கிறாள். பெரிய சம்பவங்களுக்கு வீட்டில் முதலில் கிடைக்கும் மரியாதை இதுதான்.

இங்கே எல்லோரும் சுகம். பெரியப்பா, பெரியம்மா, நீ மூவரும் சுகமா என்று அப்பா கேட்கச் சொன்னார். அப்பாவுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராததால் இந்த வீட்டின் கடித இலாகா முழுவதும் என் வசம். அப்பா ஒரு வரி சொன்னால் நான் ஒரு பக்கம் எழுதுவேன். அப்பேர்ப்பட்ட ரைட்டர் இந்த ராயபுரத்திலேயே கிடையாது.

பெரியப்பா கடையைப் பறிமுதல் செய்துவிட்டார்களாமே. கப்பல் கயிறும் தார்ப்பாயும் விற்ற கடையை எடுத்து அரசாங்கம் என்ன செய்யப்போகிறது, ஊஞ்சலா கட்டப்போகிறது? தேக்கு விற்கிற ஊரில் எங்கள் பெரியப்பாவை மட்டும் ஏன் இன்னும் தேக்கி வைத்திருக்கிறார்கள்? உடனே புறப்பட்டு வரும்படி அப்பா சொல்லச் சொன்னார். தினமும் உங்களைப் பற்றித்தான் பேச்சு.

வருகிற கல்லறைத் திருநாளுக்குச் சந்தியாகு தாத்தா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லிப் பெரியப்பா நினைவூட்டியிருந்தார். கவலையே வேண்டாம். வருஷா வருஷம் முதல் நாளே நான் போய்க் கல்லைக் கழுவி வைத்துவிடுகிறேன். கருங்கல், பொன் எழுத்து, தலைமாட்டில் இரண்டு சிறகும் விரித்த ஆளுயரச் சம்மனசுச் சிலை. காசிமேட்டுக் கல்லறையில் பார்ப்பவர்கள் எல்லாம் இது எந்த ஜமீந்தார் என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

உன் தம்பி,
செல்வநாதன் (மீசையுடன்)


ரங்கூன்,
12 அக்டோபர் 1964

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம். உன் மீசைக்கும் எங்கள் வந்தனம். நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

கடைக்குப் பச்சை போர்டு மாட்டியிருக்கிறார்கள். மக்கள் கடை, ஒரு நம்பர். அப்பா முதல் வாரம் பழக்கதோஷத்தில் காலையில் போய் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டிருந்தார். இப்போது போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து கையில் கிடைக்கும் கயிற்றில் முடிச்சுப் போடுகிறார், அவிழ்க்கிறார்.

இந்தத் தெருவில் பாதி வீடு காலி. இந்தியா போகும் கப்பலுக்குப் பெயர் கொடுத்தவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். பெயர் கொடுக்காதவர்கள் பர்மியப் பிரஜையாக மனுப் போட வேண்டும். அப்பா இரண்டும் செய்யவில்லை. அம்மா தினமும் கேட்கிறாள். நேற்று வாய் திறந்தார்.

"நான் பொறந்தது இங்க. அந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்? என் தம்பியப் பாத்தே இருபத்திரெண்டு வருஷமாச்சு. அவன் மொகம் எனக்கு மறந்துபோச்சு. அங்க எனக்குத் தெரிஞ்ச ஆளு எங்கப்பா ஒருத்தர்தான். அவர் கல்லறையில இருக்காரு."

கையிலிருந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "அதையாவது ஒரு தடவை தொட்டுக் கும்பிடணும்" என்றார்.

தம்பி, நீ அந்தக் கல்லறையை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? படத்தைப் பார்த்தால் அப்பா ஒரு முடிவுக்கு வருவார் என்று நினைக்கிறேன். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் என் அன்பு.

அக்கா,
அடைக்கலமேரி


ராயபுரம்,
3 நவம்பர் 1964
(எழுதியது, தபாலில் சேர்க்காதது)

அக்கா,

இதில் விகடம் இல்லை. இதை அனுப்பவும் போவதில்லை. ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும்.

உன் கடிதம் வந்ததும் படம் எடுக்கலாம் என்று நேற்றுக் கல்லறைத் திருநாளில் அப்பாவோடு நானும் போனேன். ஊரே அங்கே இருந்தது. பூக்காரிகள், சுண்டல்காரன், ஒவ்வொரு குழிக்கும் ஒரு குடும்பம். நான் அப்பா பின்னாலேயே போனேன், அவர் எந்த வரிசையில் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டே. அவர் எந்த வரிசையிலும் திரும்பவில்லை. நடுவில் இருக்கிற பெரிய சிலுவைக்கு நேராகப் போனார். அதன் அடியில் ஒரு கூட்டம் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தது. அது யாருக்கான இடம் என்று உனக்குத் தெரியும். கடலில் போனவர்கள், பிணம் கிடைக்காதவர்கள், ஊர் தெரியாத ஊரில் செத்தவர்கள். குழி இல்லாதவர்களுக்கெல்லாம் அங்கேதான் ஏற்றுவார்கள்.

அப்பா அங்கே மண்டியிட்டு ஒரு வத்தி ஏற்றினார்.

 கேட்க முடிகிற முகமாக அது இல்லை. அவரோடு துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் எந்திரத்தில் வேலை பார்க்கும் கஸ்பார் மாமாவும் வந்திருந்தார். அவரும் நாற்பத்திரண்டில் ரங்கூனிலிருந்து அப்பாவோடு நடந்தே வந்தவர். வாசலில் அவரைப் பிடித்தேன்.

"மாமா, எங்க தாத்தா கல்லறை எந்தாண்ட கீது?"

"இன்னாடா கேக்கற? ஒங்கப்பன் சொல்லலியா?"

"சொன்னாரு. மறந்துட்டேன்."

"பொய் சொல்லாத. சொல்லியிருந்தா மறக்கற விசயமா அது?" என்று பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "ஜப்பான்காரன் குண்டு போட்டான். தொர கப்பலேறிட்டான். ஆர்பர்ல வேல செய்யறவன் எவனும் ஊர வுட்டுப் போவக்கூடாதுன்னு ஆர்டரு. சரக்கு ஏத்த ஆளு வோணும்ல. அப்ப ஆர்பர்ல வேல செஞ்ச ஒம் பெரியப்பன் அப்டி மாட்டிகினாரு. நாங்க காட்டு வழியா நடந்தோம். எல்லைல தமுன்னு ஒரு ஊரு. அத்தத் தாண்டி ரெண்டு ரோடு. ஒன்னு தொரைங்க போறது. அதுல கேம்ப்பு, கஞ்சி, டாக்டரு எல்லாம் கீது. இன்னொன்னு நம்மளுது. அதுல ஒன்னும் கெடையாது, மல தான். ஒன் தாத்தாவுக்குப் பேதி. ஒங்கப்பன் அவர முதுவுல தூக்கிகினு போய் அந்த ரோட்டுல வுடச் சொல்லிக் கெஞ்சினான். வுடல."

"அப்பால?"

"அப்பால இன்னா, போ. வூட்டுக்குப் போ நைனா."

ரங்கூனில் மாட்டிக்கொண்ட அண்ணன் மனசு உடையக் கூடாது என்று, தாத்தா ஊர் வந்து சேர்ந்துதான் செத்தார், பூசை வைத்து அடக்கம் செய்தோம் என்று அப்பா யுத்தம் முடிந்ததும் யாரையோ பிடித்து எழுதச் சொல்லியிருக்க வேண்டும். அதன் மேல்தான் நான் கருங்கல் வைத்து, பொன் எழுத்துப் போட்டு, சம்மனசை ஏற்றினேன். அப்பா வருஷா வருஷம் எனக்குச் சொன்னது, "ஏத்தியாச்சுன்னு எழுது" என்கிற இரண்டே சொல்.

கூட்டம் கலைவதற்குள் நான் திரும்பிப் போனேன். கிழக்கு மூலையில் வெள்ளைக்காரர்கள் பகுதி இருக்கிறது. அங்கே ஒரு கல்லறை. கருங்கல். தலைமாட்டில் சம்மனசு, ஒரு சிறகு உடைந்தது. கல் மேல் காக்கை எச்சமும் பாசியும். யாரும் வந்து பல வருஷம் இருக்கும். நான் எழுதியது அப்படியே அங்கே நிற்கிறது, பெயர் மட்டும் வேறு.

எனக்கு ஒரு யோசனை வருகிறது. வரக்கூடாத யோசனை.


ராயபுரம்,
9 நவம்பர் 1964

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகம். உன் கடிதம் கிடைத்தது. திருநாள் விமரிசையாக நடந்தது, வத்தி ஏற்றியாயிற்று. படம்தான் கொஞ்சம் தாமதமாகும். என் தோஸ்து சௌக்கத் அலியின் மாமாவிடம் பெட்டி கேமரா இருக்கிறது. அது இப்போது ரிப்பேரில். ஒரு கண் தெரியாதாம். கேமராவுக்கு இருப்பதே ஒரு கண்தான்.

பரீட்சை விசேஷம்: சரித்திரத்தில் சரிவு, பூகோளத்தில் கோளாறு. மீதி பாடங்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது குடும்ப கௌரவத்துக்கு நல்லது.

பெரியப்பாவைத் தைரியமாக இருக்கச் சொல்லி அப்பா எழுதச் சொன்னார்.

செல்வநாதன்


ரங்கூன்,
6 டிசம்பர் 1964

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வழக்கமாக நாலு பக்கம் வரும். இந்தத் தடவை அரைப் பக்கம். உடம்பு சரியில்லையா? சித்தியிடம் சொல்லிக் கஷாயம் வைத்துக் குடி.

நீ சரித்திரத்தில் சரிந்ததைப் பற்றி நான் சிரிக்க மாட்டேன். எனக்கும் சரித்திரத்தில்தான் தகராறு. என் வகுப்பில் மா த்வே என்று ஒரு பெண். ஊறவைத்த தேயிலையைச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கும் பங்கு வைப்பவள். போன வாரம் அவள் சண்டைக்காக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்: "வெள்ளைக்காரன் போய்ப் பதினாறு வருஷம் ஆச்சு. அவன் கூட்டிக்கிட்டு வந்தவங்க ஏன் இன்னும் போகலே?"

வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். அவர் முப்பதாம் வருஷத்துக் கதையைச் சொன்னார். அப்போது அவர் பையன். இங்கே துறைமுகத்தில் சரக்குத் தூக்கியதெல்லாம் நம் ஆட்களும் தெலுங்குக்காரர்களும். ஊரில் சோறில்லாமல் கப்பலேறி வந்தவர்கள். நம் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். அவர்கள் கூலி போதாது என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிக்காரன் பர்மியர்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தான். பிறகு நம் ஆட்களோடு சமாதானம் ஆனதும், வேலைக்கு வந்த பர்மியர்களை வாசலிலேயே திரும்பிப் போகச் சொல்லிவிட்டான். சோற்று மூட்டையோடு வந்தவர்கள். வாசலில் நம்மவர்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு ஆரம்பித்த வெட்டு பல நாள் நிற்கவில்லை. தாத்தா அப்பாவைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றினாராம்.

"கம்பெனிக்காரன்?" என்று கேட்டேன்.

"அவன் மாடி ஜன்னலைச் சாத்திக்கிட்டான்" என்றார்.

மறுநாள் இதை மா த்வேயிடம் சொன்னேன். அவள் தேயிலையை மென்றுகொண்டே, "அன்னிக்கு வாசல்லேருந்து திரும்பினவங்கள்ல என் பெரியப்பா ஒருத்தர்" என்றாள்.

அவள்மேல் கோபப்பட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை, தம்பி. நம்மேல் கோபப்பட அவளுக்குக் கிடைக்கிறது. அதுதான் கஷ்டம். யார்மேல் கோபப்பட வேண்டுமோ அவர்கள் இங்கே இல்லை.

இங்கே தங்குவதற்கான பதிவுச் சீட்டுக் கெடு மார்ச் மாதம் முடிகிறது. அப்பா தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்குப் போகிறார். கேட்பதில்லை, போகிறார்.

அக்கா


ராயபுரம்,
15 பிப்ரவரி 1965

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஹிந்திச் சண்டையில் ஊர் கொதித்துப் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது. படிக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று அழுகிற மாணவர்களில் நான் இல்லை.

கேமராவுக்குக் கண் வந்துவிட்டது. இத்துடன் படம் வைத்திருக்கிறேன். சௌக்கத் அலி எடுத்தான். மாலை என் சொந்த முயற்சி. பூக்காரியிடம் பெரிய மாலையாக வாங்கினேன். கல்லை ஒரே நாளில் பளபளப்பாக்கினேன். சம்மனசின் ஒரு சிறகு டிசம்பர் புயலில் போய்விட்டது, பெரியப்பா வருத்தப்பட வேண்டாம். பொன் எழுத்துகள் மாலைக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன.

தனியாகக் கல்லறைக்குள் போய் வேலை செய்ய பயமாக இல்லையா என்று சௌக்கத் கேட்டான். பயமா, எனக்கா? பேய்கள்தான் என்னைப் பார்த்துப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

சீக்கிரம் வரும்படி அப்பா சொல்லச் சொன்னார்.

செல்வநாதன்


ரங்கூன்,
8 மார்ச் 1965

அன்புள்ள தம்பிக்கு,

படம் வந்தது. அப்பா அதைச் சன்னலோரம் எடுத்துக்கொண்டு போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு முகச்சவரம் செய்துகொண்டார். மூன்று மாதமாகச் செய்துகொள்ளவில்லை. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போய்க் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் படத்தை எடுத்துக் காட்டுகிறார். "எங்கப்பா. நம்ம ஊர்ல, பூசையோட அடக்கம் பண்ணது. எந்தம்பி பண்ணினான்" என்கிறார்.

எதை எடுத்துப் போகலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. நகை கூடாது. அம்மா தாலியை என்ன செய்வது என்று அழுகிறாள். மஞ்சள் கயிறு போதும் என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். மா த்வே வந்து அம்மாவின் அம்மிக்கல்லை வாங்கிக்கொண்டாள். காசு கொடுத்தாள். அம்மா மறுத்தும் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

தனுஷ்கோடியில் அடித்த புயல் ராயபுரத்துக்கு வந்து ஒரு சிறகை மட்டும் எடுத்துக்கொண்டு போனதா? விசித்திரமான புயல்.

படத்தில் மாலை மிகவும் பெரிது, தம்பி. இவ்வளவு பெரிய மாலை வேண்டியிருக்கவில்லை.

மே கடைசியில் கப்பல் என்கிறார்கள். சித்தப்பாவைத் துறைமுகத்துக்கு வரச் சொல்.

அக்கா


ராயபுரம்,
22 ஏப்ரல் 1965

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். ஆனால் ஊர்தான் சுகமில்லை. வெயிலில் தார் ரோடு பாயசமாகிவிட்டது. குழாயில் தண்ணீருக்குப் பதில் காற்று வருகிறது, அதுவும் சூடான காற்று. மே மாதத்தில் சென்னைக்கு வருகிறவர்களை நாங்கள் வறுவல் என்று கூப்பிடுவோம். அதோடு கல்லறையில் சுண்ணாம்பு வேலை நடக்கப்போகிறதாம். உள்ளே யாரையும் விடமாட்டார்களாம். ஒரு வருஷம் கழித்து, நிதானமாக, நல்ல பருவம் பார்த்து வரலாமே? எல்லாவற்றையும் நன்றாக யோசித்துப் பெரியப்பா முடிவு செய்யட்டும்.

இதற்கு மேல் மூன்று வரி எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே.

செல்வம்


அகதிகள் முகாம், மீஞ்சூர் வழி,
9 ஜூன் 1965

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் வந்து சேர்ந்தோம். இது உனக்குத் தெரிந்ததுதான். உன் காய்ச்சல் எப்படி இருக்கிறது? கப்பல் வந்த அன்று நீ காய்ச்சலில் படுத்திருப்பதாகச் சித்தப்பா சொன்னார்.

உன் ஏப்ரல் கடிதம் நாங்கள் கப்பலேறும் முன்பே வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். 'படத்தில் இருப்பது தாத்தா அல்ல' என்கிற வரை தெரிந்தது. ஆனால் தம்பி, எனக்கு மார்ச் மாதமே தெரியும். மாலைக்குக் கீழே, அப்பாவின் கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில், இங்கிலீஷில் கடைசி வரி தெரிந்தது. ஏதோ கப்பல், ஏதோ கேப்டன். நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் சவரம் செய்துகொண்டு நின்றார். எனக்கும் அந்தத் தெருவில் இனி இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது. ஆகவே பொய்யில் பாதி என்னுடையது. முழுவதையும் நீயே எடுத்துக்கொள்ளாதே.

அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன், நீ இல்லாததால்.

சித்தப்பாவை அப்பா அடையாளம் கண்டுபிடிக்கவில்லை. சித்தப்பாதான் கூட்டத்தில் கண்டுபிடித்தார். இருவரும் கட்டிக்கொள்ளவில்லை, கைகளை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அப்பா சட்டைப்பையிலிருந்து உன் படத்தை எடுத்து, "மொதல்ல இங்க போலாம் நாதா" என்றார். சித்தப்பா படத்தைப் பார்த்தார். அவருக்கு அப்படி ஒரு படம் இருப்பதே தெரியாது என்று எனக்கு அந்த முகத்தில் புரிந்தது.  "வாண்ணே" என்று மட்டும் சொல்லி ரிக்‌ஷா பிடித்தார்.

கல்லறையில் சம்மனசை அப்பாவே தூரத்திலிருந்து கண்டுபிடித்து நடந்துவிட்டார். நாங்கள் பின்னால் போனோம். அப்பா வத்தியை ஏற்றி வைத்தார். காய்ந்துபோன உன் மாலையை எடுத்துவிட்டு, வாசலில் வாங்கிய புது மாலையைப் போடக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே இருந்தார். அப்பாவுக்குக் கப்பல்காரர்களோடு பழகி இங்கிலீஷ் எழுத்து நன்றாகத் தெரியும். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். ஒரு கப்பல் கேப்டன். அவனுடைய சொந்த ஊர், பிறந்த நாள், காலராவில் செத்த நாள், அவனை நினைத்து அழும் மனைவியின் பெயர் எல்லாம் இருந்தது.

"நாதா, இது யாரு?"

"தெரியாதுண்ணே."

"அப்பா எங்க?"

 "அப்பா வரலண்ணே" என்றார் சித்தப்பா. "எங்கூடத்தான் வந்தாரு. தமுவத் தாண்டிக் கொஞ்ச தூரம். அப்பால வரல."

"பொதைச்சியா?"

"தோண்ட கைல ஒன்னும் இல்லண்ணே. எல போட்டு மூடினேன். பின்னால ஜனம் தள்ளிகினே வருது. நிக்க வுடல. ஒனக்கு எப்டி எழுதுவேன் அத்த? ஊர்ல பொதைச்சேன்னு எழுதச் சொன்னேன். அப்பால ஒவ்வொரு வருசமும் நீ கேட்டுகினே இருந்த."

அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் நம்ம ஊருக்கு வந்து செத்தான். கல்லு, பேரு, சம்மனசு எல்லாம் கொடுத்து வெச்சிருக்கோம். நம்மாளு இவனுங்க சரக்கத் தூக்கப் போயி செத்தாரு. அவருக்கு எல." அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எடை போட்டுச் சொல்வது போலச் சொன்னார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த ஊர் நம்ம ஊர் இல்லேன்னு சொல்லி அனுப்பிச்சாங்க. இந்த ஊர்ல எங்கப்பா இருக்காருன்னு வந்தேன். அவரு அங்கதான் இருக்காரு. அப்ப இங்க எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்ல."

"நான் இல்லியாண்ணே?" என்றார் சித்தப்பா.

 அம்மா வத்தியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். "ஏத்தினது ஏத்தினதுதான், எரியட்டும்" என்றார் அப்பா. அந்தக் கேப்டன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டார். சித்தப்பாவும் உட்கார்ந்தார். வத்தி முடிகிற வரை இரண்டு பேரும் தோள் ஒட்ட உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா தமு வழியை ஆரம்பத்திலிருந்து சொன்னார். தாத்தா கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று அப்பா கேட்டார். எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்டார். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

முகாமில் ஓலைக் கொட்டகை. தண்ணீருக்கு வரிசை. இங்கே எங்களைப் பர்மாக்காரர்கள் என்கிறார்கள். அங்கே இந்தியர்கள் என்றார்கள். அம்மா சிரிக்கிறாள், வேறென்ன செய்ய.

நேற்று அப்பா, "அந்தப் பையன் எங்க? அவனப் பாக்கணும்" என்றார். ஏன் என்று கேட்டேன். கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டார்.

அக்கா,
அடைக்கலமேரி


ராயபுரம்,
13 ஜூன் 1965

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மணி நேர ரயில் தூரத்துக்குத் தபால் எழுதுகிற வீரன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெரியம்மா சுகமா? கொட்டகையில் மழை ஒழுகுகிறதா? அம்மா உங்களுக்கு இரண்டு பாயும் ஒரு அரிவாள்மனையும் எடுத்து வைத்திருக்கிறாள்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. அப்பாவிடமும் அதே பொய்தான். கப்பல் வந்த அன்று நான் உங்களுக்கு முன்பே கல்லறைக்குப் போய் அந்த மாலையை எடுத்துவிடலாம் என்று ஓடினேன். பெயரைப் பார்த்தால் பெரியப்பா தானாகவே திரும்பிப் போய்விடுவார் என்பது என் மகத்தான திட்டம். நீங்கள் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டீர்கள். நான் பின்வரிசைக் கல்லுக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். நீ எழுதியது எல்லாவற்றையும் நானும் கேட்டேன். நீ எழுதாத ஒன்றையும் கேட்டேன். அப்பா இலை போட்டு மூடியதைச் சொல்லும்போது, கையால் அப்படியே தரையில் மூடிக் காட்டினார். நீ அந்தப் பக்கம் திரும்பியிருந்தாய்.

வருஷா வருஷம் கல்லைக் கழுவினேன் என்று எழுதினேன் அல்லவா. போன நவம்பர் வரைக்கும் நான் கல்லறைக்குள் கால் வைத்ததே இல்லை. எனக்குப் பயம். படம் எடுத்த அன்று சௌக்கத் அலி என் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே கூட்டிப்போனான். கல்லை ஒரு நாளில் பளபளப்பாக்கியது நான் இல்லை. ஒன்பது நாள் ஆயிற்று, பாதிக்கு மேல் அவன்தான் தேய்த்தான். வெளியே வந்ததும், "பேய் புடிச்சிருந்தா உன்னிய வுட்டுட்டு ஓடியிருப்பேன் மாமு" என்று அவன் சொன்னபோது நான் சிரிக்கவில்லை.

இன்னொன்று. 'அப்பா சொல்லச் சொன்னார்' என்று நான் எழுதிய வரிகள் எல்லாம் என் சொந்தச் சரக்கு. உடனே புறப்பட்டு வாருங்கள், தினமும் உங்களைப் பற்றித்தான் பேச்சு, எதுவும் அவர் சொல்லவில்லை. அப்பா சொன்னது எப்போதும், "சுகம்னு எழுது", "ஏத்தியாச்சுன்னு எழுது" என்பவை மட்டும்தான். உங்களை வரச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. வந்தால் கல்லறையைக் கேட்பார்களே என்ற பயம். அது தெரியாமல் நான் வரவேற்புப் பத்திரம் வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக அவர் தானாகச் சொன்ன வார்த்தை, "நான் இல்லியாண்ணே" என்பதுதான். அதை நான் எழுதவில்லை.

அதைக் கேட்டதும் வாயில் சட்டைக் காலரைத் திணித்துக்கொண்டு அழுதேன். இதைச் சௌக்கத்திடம் சொல்லிவிடாதே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு முகாமுக்கு வருகிறேன். பெரியப்பாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக எழுதிப் பார்க்கிறேன். அடுத்தவர் சொல்லாததை எல்லாம் பக்கம் பக்கமாக எழுதின ரைட்டருக்கு, தன்னுடையது என்று ஒரு வரி வரமாட்டேன் என்கிறது. அதனால் சும்மா வந்து எதிரில் நிற்கிறேன். அடிக்கிறவராக இருந்தால் முன்கூட்டியே ஒரு கார்டு போடு. இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன்.

உன் தம்பி,
செல்வம்